கேரி தீவு வரைக்கும் கேட்கும்

பிரிக்பீல்ட்ஸ்
6.2.1995

அன்புள்ள ரமணிக்கு,

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே நான் சுகமில்லை. காய்ச்சலோ சளியோ இல்லை, பயம்.

முதலில் கதவைச் சாத்திக்கொள். அத்தை பக்கத்தில் இருந்தால் இதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துவிட்டுப் பிறகு படி.

எஃப்.எம். ரேடியோக்களையெல்லாம் அரசாங்கம் புதிதாகத் தரம் பிரிக்கிறது. ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. பவர் எவ்வளவு, ஆன்டெனா எவ்வளவு உயரம், இரண்டையும் சேர்த்துப் பார்த்து வகுப்பு போடுவார்கள். ஆன்டெனாவை ஏற்றினால் பவரைக் குறைக்க வேண்டும், பவரைக் கூட்டினால் ஆன்டெனாவை இறக்க வேண்டும். இரண்டும் உயர்ந்தே இருக்க வேண்டுமென்றால் மேல் வகுப்புக்குப் போக வேண்டும். எங்கள் முதலாளி தம்புசாமி அண்ணனைத்தான் உனக்குத் தெரியுமே. ஆசைப்பட்ட போதெல்லாம் ஒரு பைப்பைக் கட்டிக் கட்டி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆன்டெனாவை வானத்துக்கே ஏற்றி வைத்திருக்கிறார். அளந்து பார்த்தால் சி வகுப்புக்கு அது ரொம்ப உயரம். ஒன்று, பைப்பை அறுத்துவிட்டு சி வகுப்பிலேயே இருக்கலாம். அல்லது குன்றின் மேல் ஒழுங்கான டவர் போட்டு பி வகுப்புக்கு மனு கொடுக்கலாம்.

"அறுக்கிறதா? நான் புள்ள மாதிரி வளர்த்த பைப்புலா அது!" என்று சொல்லி அண்ணன் பி வகுப்புக்கு மனு போட்டுவிட்டார்.

பி வகுப்பு என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? இன்றைக்கு நம் ரேடியோ சுபாங் தாண்டினால் கொரகொரவென்று செத்துப் போகிறது. பி வகுப்பு கிடைத்தால் கிள்ளான், பந்திங், கேரி தீவு, உன் அம்மா வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் கணீரென்று கேட்கும். காலை ஏழரைக்கு நான் நடத்துகிற 'மாமியார் மணி'யும் கேட்கும்.

நான்கு வருடமாக அத்தையை வைத்துத்தான் அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டுகிறேன். பஸ்ஸில் கோழிக்கு டிக்கெட் கேட்டுச் சண்டை போட்டது, பல் டாக்டரின் விரலைக் கடித்தது, எல்லாம் அத்தை செய்தது, ஒன்றும் நான் கட்டியதில்லை. பேரை மட்டும் சொல்லவில்லை. தாயில்லாப் பிள்ளை என்று அண்ணன் மகனான என்னைத் தூக்கி வளர்த்து, வளர்த்த கையோடு பெண்ணையும் கொடுத்த மனுஷி. சுபாங்குக்கு அந்தப் பக்கம் கேட்காது என்கிற தைரியத்தில்தானே பேசினேன்?

நிறுத்திவிடுகிறேன் அண்ணே என்று கேட்டுப் பார்த்தேன். "மாமியாருக்காகத்தான் ஜனங்க மீதிப் பாட்டையே கேக்குறாங்க. அவங்க போனா நீயும் போலா" என்றார். வேலை போனால் வேறு வேலை தேடலாம் ரமணி. அத்தை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் வேறு அத்தைக்கு எங்கே போவேன்? எப்படியாவது வீட்டிலிருக்கும் ரேடியோவை ஒளித்து வை.

உன் அத்தான்
கார்த்திகேசு


கேரி தீவு
11.2.1995

அன்புள்ள அத்தானுக்கு,

ரவிக்கைக்குள் வைக்கச் சொன்னீர்களே, இந்த மாதத்தில் ரவிக்கைக்குள் இடம் ஏது? குளியலறையில் நின்று படித்தேன்.

ரேடியோவை ஒளிப்பதாவது! சாமி மேடைக்குப் பக்கத்தில் பூ வைத்து உட்கார்த்தியிருக்கிறாள் அம்மா. உங்களுக்கு முந்தி உங்கள் சேதி தீவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காவின் தம்பி கிள்ளானிலிருந்து கேட்டு வந்து சொன்னாராம். அன்றிலிருந்து அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கோயிலில் சொல்லியாயிற்று, மளிகைக்கடையில் சொல்லியாயிற்று, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியை ஆபீஸ் வாசலில் மறித்து வைத்துச் சொல்லியாயிற்று. "என் மருமவன் குரலு தண்ணிய தாண்டி நம்ம தீவுக்கு வரப்போவுது!" அப்பாவைத் தென்னைமரத்தில் ஏற்றிக் கம்பி கட்டச் சொன்னாள். அவர் பாதி மரத்தில் நெஞ்சைச் சிராய்த்துக்கொண்டு இறங்கினார். எண்ணெய் தடவி மறுபடியும் ஏற்றிவிட்டாள்.

நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஏண்டி, அவன் ரேடியோல என்னதான் பேசுறான்?" என்றாள்.  "குடும்ப விஷயம்மா. வீட்டுப் பெரியவங்களைப் பத்திப் பேசுவாரு" என்றேன். பொய் இல்லையே? அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாயில்லாப் புள்ள. பெரியவங்க அருமை அவனுக்குத்தான் தெரியும்" என்றாள். அத்தான், அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது, ஆனால் இந்த வயிற்றோடு பூமிக்கும் கஷ்டம்.

நான் மட்டும் யோக்கியம் இல்லை. அம்மாவைப் பற்றி அந்த ஃப்ரிட்ஜ் கதையை நீங்கள் நிகழ்ச்சிக்கு எழுதியபோது கைலியைப் பற்றி எடுத்துக் கொடுத்ததே நான்தான். மாட்டினால் இருவரும் சேர்ந்துதான் மாட்டுவோம். ஒரு வழி சொல்லுங்கள்.

உங்கள்
ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
19.2.1995

அன்புள்ள ரமணிக்கு,

வழி கிடைத்துவிட்டது. மூன்று இரவு யோசித்தேன்.

பி வகுப்பு கொடுப்பதற்கு முந்தி, புதிதாகக் கேட்கப் போகிற ஊர்க்காரர்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்களாம். அடுத்த மாதம் 11ஆம் தேதி சனிக்கிழமை கிள்ளானில் கூட்டம். பொதுமக்கள் எவ்வளவு பேர் எழுந்து 'வேண்டாம்' என்கிறார்களோ அவ்வளவு தூரம் மனு இழுபடும். அண்ணன் சலித்துப்போய்ப் பைப்பை அறுத்துவிடுவார். நாம் சி வகுப்பில் நிம்மதியாக இருக்கலாம்.

ஆட்சேபம் சொல்ல அத்தையைவிட்டால் ஆள் யார்? பஸ் கண்டக்டரிலிருந்து பால்காரர் வரை அவர் ஆட்சேபிக்காத ஆளே இல்லை. ரேடியோ அலை பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஆகாதாம், யாரோ பேசிக்கொண்டார்கள் என்று மெல்ல அவர் காதில் போடு. டாக்டர் சொன்னார் என்று மட்டும் சொல்லாதே, நேரே டாக்டரிடம் போய்க் கேட்டுவிடுவார். பேரப்பிள்ளை விஷயம் என்றால் அத்தை டவரைத் தன் கையாலேயே பிடுங்கிப் போடுவார்.

என் நிலைமையைப் பார். பி வகுப்பின் பெருமையைப் பற்றி அந்தக் கூட்டத்தில் அண்ணன் படிப்பதற்கு உரை எழுதித் தருவதும் நான்தான். பகலில் அதை எழுதுகிறேன், இரவில் உனக்கு இதை எழுதுகிறேன். பிள்ளையையும் கிள்ளி விடுகிறேன், தொட்டிலையும் ஆட்டுகிறேன்.

அன்புடன்
கார்த்திகேசு


கேரி தீவு
12.3.1995

அன்புள்ள அத்தானுக்கு,

உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் சொன்னபடியே அம்மா காதில் போட்டேன்.  பிறகு அப்பாவைக் கூப்பிட்டுத் தென்னைமரத்துக் கம்பியை அவிழ்க்கச் சொன்னாள். "அவன் குரலு கேக்காட்டி போவுது. பேசுனாலும் பேசாட்டியும் என் புள்ளதான். வயித்துல இருக்குறது முக்கியம்" என்றாள்.  அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நேற்று வேன் பிடித்துக் கிள்ளானுக்குப் போனோம். நல்லம்மாள் அக்காவும் எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். என் வயிறுதான் சாட்சியாம், அதனால் என்னையும் ஏற்றிக்கொண்டாள். மண்டபத்தில் முன்வரிசையில் என் வயிறு நன்றாகத் தெரியும்படி என்னைப் பக்கவாட்டில் உட்கார வைத்தாள்.

மேடையில் ஒரு மலாய் அதிகாரி, பக்கத்தில் தமிழில் சொல்வதற்கு ஓர் ஐயா. உங்கள் தம்புசாமி அண்ணன் எழுந்து நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். "எங்க நிகழ்ச்சி எப்படின்னு நீங்களே கேளுங்க" என்று கேசட்டைப் போட்டுவிட்டார்.

உங்கள் குரல் கேட்டதும் அம்மா வந்த வேலையையே மறந்துவிட்டாள். "எம்மருமவன்! எம்மருமவன்!" என்று வரிசை முழுக்கச் சொன்னாள். எங்க மாமியாருக்கு இரக்க குணம் அதிகம் என்று தொடங்கினீர்களே, அதற்கே நல்லம்மாள் அக்காவின் தொடையில் அடித்துச் சிரித்தாள். பட்டணத்துக்கு வந்த மாமியார், ஃப்ரிட்ஜ் பகல் பூரா உழைக்கிறதே, ராத்திரி தூங்கட்டும் என்று சுவிட்சை அணைத்தார் என்று வந்தது. சபை கொல்லென்று சிரித்தது. அம்மாவுக்குச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "இதுல என்ன இருக்கு? நாங்கூட ஒருக்கா அணைச்சேன்" என்று முணுமுணுத்தாள். அடுத்தது, குளிருமே என்று ஃப்ரிட்ஜுக்குப் பச்சைக் கைலியைப் போர்த்தியது. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் உள்ளே இருந்த மீன்குழம்பு கெட்டு, மாப்பிள்ளை இரண்டு நாள் கக்கூஸில் குடியிருந்த கதை. மண்டபமே சிரித்து உருண்டது. அப்பாவும் சிரித்தார், பாவம், அவர் எப்போதும் கூட்டத்தோடு சிரிப்பார். அம்மா என் காதருகில் குனிந்து கேட்டாள்: "அப்ப அந்தக் கெம்போங் மீனு நல்ல மீனாடி?"

அத்தான், அன்றைக்கு அம்மா மனது நோகக்கூடாது என்று மீன்தான் கெட்ட மீன் என்று நாம் சொன்னோமே, ஞாபகம் இருக்கிறதா? அவள் நேரே பிரிக்பீல்ட்ஸ் மார்க்கெட்டுக்குப் போய் அந்த மீன்கடை முதலாளி சீனத் தவுக்கேயை ஊர்கூட வைத்து, "என் புள்ளைய கொல்லப் பாத்தியே" என்று திட்டிவிட்டு வந்தாளே. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவளுக்குப் பதிலாகப் போயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பேரைக் கூப்பிட்டார்கள். "மாரியாயி, கேரி தீவு. ஆட்சேபம் என்னம்மா?"

அம்மா எழுந்தாள். "ஆட்சேபம் இருந்துச்சுங்க, இப்ப இல்ல. டவர நல்லா ஒசரமாவே நடுங்க. எங்க வீட்டு வரைக்கும் கேக்கட்டும். கேக்காதுன்னு தெரிஞ்சாத்தான் மனுசன் வாய்க்கு வந்தத பேசுறான். கேக்கும்னு தெரிஞ்சா கொஞ்சம் பாத்துப் பேசுவான்."

அதிகாரிக்கு அதை மலாயில் சொன்னார்கள். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். சபை கை தட்டியது. உங்கள் அண்ணன் ஓடி வந்து அம்மாவைக் கும்பிட்டார்.

 வீட்டுக்கு வந்து, "நீயும் சிரிச்சியா?" என்றாள். ஆமாம்மா என்றேன். "நாலு வருசமா அந்த மீன்காரர திட்டிக்கிட்டு இருக்கேன். சுபாங் வரைக்கும் சொன்னவன் எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
20.3.1995

ரமணி,

உன் கடிதம் வந்த அன்று நிகழ்ச்சியில் ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

பி வகுப்பு கிடைத்துவிட்டது. அண்ணன் லட்டு கொடுத்தார். கேரி தீவிலிருந்து வந்த யாரோ ஒரு அம்மா தங்கம் தங்கமாகப் பேசினாராம், அதனால்தான் கிடைத்ததாம். ஏப்ரல் 17, திங்கட்கிழமை, புது டவரிலிருந்து முதல் ஒலிபரப்பு. ஃப்ரிட்ஜ் கதையைத்தான் அன்றைக்கு மறுபடியும் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

நான் முடிவு செய்துவிட்டேன். ஊர் கேட்கப் பேசினேன், ஊர் கேட்க மன்னிப்புக் கேட்கப் போகிறேன். கேரி தீவில் இருக்கும் என் அத்தை மாரியாயி அம்மாளே என்று பேரைச் சொல்லி ஆரம்பிப்பேன். வேலை போனால் போகட்டும். அத்தையிடம் சொல்லி வை.

கார்த்திகேசு


கேரி தீவு
26.3.1995

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கிறதா? அந்தக் கதை நிஜமாக நடந்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. உங்கள் மாமியார் அம்மாதான் என்று தெரிந்தாலும், ரேடியோக் கதை கட்டுக்கதை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். வேனில் திரும்பும்போதே நல்லம்மாள் அக்கா, "ஃப்ரிட்ஜுக்குப் போய் யாராச்சும் கைலி போத்துவாங்களா, என்னமா கதை கட்டுறாரு ஒன் மருமவன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். நீங்கள் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் அன்றைக்கே மானம் கப்பலேறிவிடும். தெரியாமல் குத்தியது போதாதென்று தெரிந்தும் குத்தப் போகிறீர்களா?

அம்மாவிடம் உங்கள் யோசனையைச் சொன்னேன். "மைக்க பாத்து மன்னிப்பு கேக்குறதா? மைக்கா அவன வளத்துச்சு?" என்றாள்.

இன்னொன்று. ஏப்ரல் 8 சனிக்கிழமை காலையில் அப்பாவோடு பிரிக்பீல்ட்ஸ் வருகிறாளாம். "மாப்பிள்ளைய மார்க்கெட்டுல மீன் கடைக்கு வந்து நிக்கச் சொல்லு" என்றாள். மாப்பிள்ளை என்றாள் அத்தான். பிறந்ததிலிருந்து கார்த்தி என்று கூப்பிட்டவள்.  போய் நில்லுங்கள்.

ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
8.4.1995

அன்புள்ள ரமணிக்கு,

நின்றேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அத்தை பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார், மீன் மார்க்கெட்டுக்கு! மாமா தேங்காய் பழத் தட்டோடு பின்னால். அத்தை என்னைப் பார்க்கவில்லை. நேரே தவுக்கே கடைக்குப் போனார். தவுக்கேக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

அத்தை அன்றைக்குத் திட்டிய அதே சத்தத்தில் ஆரம்பித்தார். "தவுக்கே! நாலு வருசத்துக்கு முந்தி இங்க நின்னு உங்கள திட்டுனேன். உங்க மீனு நல்ல மீனு. தப்பு என்னோடது. மிந்தா மாஃப், மன்னிச்சிருங்க!" பாதி தமிழ், பாதி பாசார் மலாய். கோழிக்கடை, காய்கறிக்கடை எல்லாம் திரும்பிப் பார்த்தது. தட்டை நீட்டினார். தவுக்கே பாவம், "தாப்பா, தாப்பா, பரவாலா அம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஒரு பெரிய கெம்போங் மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார். சும்மா வாங்க மாட்டேன் என்று அத்தை, காசு வாங்க மாட்டேன் என்று அவர். மன்னிப்புக் கேட்ட இடத்திலேயே இன்னொரு சண்டை வந்திருக்கும். மாமா குறுக்கே போய்ப் பையை வாங்கிக்கொண்டார்.

பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, மாப்பிள்ளை?"

மைக் முன்னால் தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் நான். அங்கே ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். "அத்தை, உங்க மனசு நோகும்னு உங்ககிட்ட மறைச்சோம். உங்களுக்குக் கேக்காதுன்னு ஊருக்குச் சொன்னேன். பெத்தவளா இருந்தா இப்படிப் பேசியிருப்பேனான்னு தெரியல. நீங்க அதுக்கு மேல" என்றேன். எப்படியோ அழுகை வந்துவிட்டது. அந்த ஈரத் தரையிலேயே காலில் விழுந்தேன். மீன் செதில் எல்லாம் நெற்றியில் ஒட்டியது.

"எந்திரிடா. கவுச்சி. அந்த மூஞ்சியோட கிட்ட வராத" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃப்ரிட்ஜ் கதையை விட்டுவிடுகிறேன் என்றேன். "எதுக்கு விடணும்? ஒம் பொழப்பு அது. தவுக்கே மீனு நல்ல மீனுன்னு சேத்து சொல்லு. அவருக்குத்தான் மானம் போச்சு" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். பிள்ளைத்தாய்ச்சி தனியாக இருக்கிறாள் என்று கிள்ளான் பஸ் ஏறிவிட்டார். கையாட்டியது மாமா மட்டும்தான்.

மன்னித்தாரா இல்லையா, எனக்குப் புரியவில்லை ரமணி. திங்கட்கிழமை 17ஆம் தேதி நான் பேசும்போது அவர் ரேடியோவை அணைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

கார்த்திகேசு


கேரி தீவு
17.4.1995

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் நிகழ்ச்சி முடிந்த கையோடு எழுதுகிறேன். கேட்டது. பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. நீங்கள் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது.

அம்மா முன்னாலேயே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாளே, லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் விடியற்காலையிலேயே வந்து கூடத்தை அடைத்துவிட்டார்கள். இவளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள்கூட அரிவாளோடு வாசலில் நின்றார்கள். அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஃப்ரிட்ஜைத் தொடங்கினீர்கள். பெண்கள் சிரித்தார்கள். கைலிக்குப் பெரிதாகச் சிரித்தார்கள். மீன்காரர் கொடுத்தது நல்ல மீன், பிரிக்பீல்ட்ஸ் மார்க்கெட்டிலேயே நல்ல மீன், வயிறு கெட்டது கரண்டு இல்லாததால்தான் என்று நீங்கள் சொன்னதும் அம்மா மெல்லத் தலையாட்டினாள். அந்த இரண்டு நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்து, என் துணியை அலசிப் போட்டதும் அதே மாமியார்தான், அதை இத்தனை நாள் நான் யாருக்கும் சொல்லவில்லை என்றீர்களே, அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அது நீங்கள் எழுதி வைத்ததா, வாயில் வந்ததா?

அப்புறம் நல்லம்மாள் அக்கா மூச்சு விட்டுக்கொண்டு, "என்ன இருந்தாலும் அப்படி ஒரு லூசு இருக்க முடியுமாடி? ஃப்ரிட்ஜுக்கு கைலி!" என்றார். மறுபடியும் கூடம் பூராச் சிரிப்பு. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றலாம் என்று.

அதற்குள் அம்மா நிலைப்படியிலிருந்தே சொன்னாள்: "ஏன் இருக்க முடியாது? அந்த லூசு நாந்தான்."

 நல்லம்மாள் அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கைலி போத்துனது நீயாக்கா?" என்றார் நல்லம்மாள் அக்கா.

"ஆமாடி. ராத்திரி பூரா ஒத்தையில உறுமிக்கிட்டு நிக்குது. பாவமா இல்லியா ஒனக்கு?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, அம்மாவேதான் என்று நினைக்கிறேன். எனக்கு மட்டும் அழுகை பொங்கி வந்துவிட்டது. அம்மா எழுந்து வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "பிள்ளத்தாச்சி அழக்கூடாது. அந்த ரேடியோவ பெருசா வையி, எம்புள்ள இன்னும் பேசிக்கிட்டு இருக்கான்" என்றாள்.

உங்கள்
ரமணி